கல்லூரியில் 48,000 பேர், தொழிலில் 6,000 டாலர்: ஒரு லாக்ராஸ் வீரரின் பாதை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, கொரோனா காலத்தில் சிவப்பு வட்டங்களோடு தினமும் பார்த்த அந்த உலக வரைபடம்தான். மருத்துவத்துக்குப் பேர்போன பல்கலைக்கழகம். ஆனால் அது இருக்கும் பால்டிமோர் ஊரில் கேட்டால் வேறொரு பதிலும் வரும்: லாக்ராஸ், வலைப்பை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து வீசி ஆடும் விளையாட்டு. அந்தப் பல்கலைக்கழகத்தின் மற்ற விளையாட்டு அணிகளெல்லாம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன. லாக்ராஸ் மட்டும் முதல் பிரிவில். 1928, 1932 ஒலிம்பிக்குகளில் காட்சிப் போட்டியாக லாக்ராஸ் நடந்தபோது அமெரிக்கா சார்பாகப் போனதே இந்தக் கல்லூரி அணிதான்.

அங்கே படித்த பால் ரேபில் என்ற வீரரை வைத்துத்தான் இந்த விளையாட்டில் ஒருவருடைய தொழில் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று சொல்லப்போகிறேன். 2008 மே மாதக் கடைசியில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஜில்லெட் ஸ்டேடியத்தில் கல்லூரிகளுக்கான இறுதிப்போட்டி. 48,000க்கும் மேற்பட்டவர்கள் பார்க்க, ரேபில் தனியாளாக 6 கோல் போட்டார். ஆனாலும் அவருடைய அணி சிரக்யூஸிடம் 13-10 என்று தோற்றது. அதே ஆண்டு தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் பாஸ்டன் கேனன்ஸ் அணி அவரை முதல் ஆளாக எடுத்தது. நாட்டிலேயே முதலில் எடுக்கப்பட்ட அந்த வீரருக்கு முதல் சீசன் சம்பளம் 6,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். மாதத்துக்கு இல்லை, சீசன் முழுவதற்கும்.

கிரிக்கெட்டில் மேலே போகப் போகக் கூட்டமும் காசும் சேர்ந்து ஏறும். லாக்ராஸில் அது தலைகீழ். 21, 22 வயதில், கல்லூரியின் கடைசி ஆண்டில், ஒரு வீரர் தன் வாழ்க்கையிலேயே பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஆடி முடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு வருவதுதான் 'தொழில்முறை'. இந்த விசித்திரம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் ஆட்டம்

நுனியில் வலைப்பை கட்டிய ஒரு ஸ்டிக். அதனால் பந்தைப் பிடிக்க வேண்டும், ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், வீச வேண்டும். கையால் தொடக் கூடாது. கோல்கீப்பர் மட்டும் தன் வட்டத்துக்குள் கையால் தடுக்கலாம். பந்து கெட்டியான ரப்பர். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சிறியது, எடையும் கொஞ்சம் குறைவு. ஆனால் மேலே பட்டால் அந்த வித்தியாசம் தெரியாது.

ஆண்கள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 10 பேர்: 3 அட்டாக், 3 மிட்ஃபீல்ட், 3 டிஃபென்ஸ், ஒரு கோல்கீப்பர். மைதானம் 110 கஜ நீளம், 60 கஜ அகலம். கோல் 6 அடிக்கு 6 அடிச் சதுரம். ஐஸ் ஹாக்கியில் போலக் கோலுக்குப் பின்னாலும் ஆடலாம். பல நல்ல தாக்குதல்கள் அங்கிருந்துதான் தொடங்கும். ஹெல்மெட், கையுறை, தோள்கவசம் எல்லாம் உண்டு, ஏனென்றால் உடம்பால் மோதலாம், எதிராளியின் ஸ்டிக்கைத் தட்டலாம். அட்டாக் வீரர்களின் ஸ்டிக் மூன்றரை அடிக்குள் இருக்கும். டிஃபென்ஸ் வீரர்கள் 6 அடி ஸ்டிக் வைத்துக்கொள்ளலாம். ஆளைவிட ஸ்டிக் உயரமாக இருப்பதைப் பார்க்க முதலில் வேடிக்கையாக இருக்கும். அந்த ஸ்டிக் மணிக்கட்டில் விழுந்தவருக்கு அப்படி இருக்காது.

பந்தை வலையில் வைத்துக்கொண்டு ஓடும்போது வீரர் ஸ்டிக்கை இப்படியும் அப்படியும் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார். ஆங்கிலத்தில் இதற்குத் தொட்டிலைக் குறிக்கும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். ஆட்டிக்கொண்டே இருக்கும் வரை பந்து வலையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆட்டுவதை நிறுத்தினால் நழுவும்.

புதிதாகப் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் விதி ஒன்று உண்டு. கோலுக்கு அடித்த பந்து குறி தவறி வெளியே போனால், அது எல்லையைத் தாண்டும் நேரத்தில் அதற்கு மிக அருகில் யார் இருந்தாரோ அவருடைய அணிக்குத்தான் பந்து. அதனால் ஒருவர் அடித்த மறு நொடியே இன்னொருவர் கோலுக்குப் பின்னால் வெறும் எல்லைக்கோட்டை நோக்கித் தலைதெறிக்க ஓடுவார். 'எதற்கு ஓடுகிறார்?' என்று கேட்டால் இதுதான் பதில்.

ரேபில் மிட்ஃபீல்டர். மைதானத்தின் இரண்டு பாதியிலும் ஓட வேண்டிய இடம் அது. ஓட்டம் அதிகம் என்பதால் மூன்று மூன்று பேராக அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஆட்டத்தை நிறுத்தாமலே. ரேபிலின் பெயர் பரவக் காரணம் அவருடைய வீச்சு. வேகத்தை அளக்கும் ஒரு போட்டியில் அவர் அடித்த பந்து மணிக்கு 111 மைல், அதாவது கிட்டத்தட்ட 179 கிலோமீட்டர் வேகத்தில் போனது. கிரிக்கெட்டில் ஷோயப் அக்தர் வீசிய அதிவேகப் பந்தே 161 சொச்சம். கையோடு மூன்றடி ஸ்டிக்கும் சேரும்போது வீச்சின் நீளம் கூடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். அந்தச் சாதனையைப் பின்னால் வேறு சிலர் முறியடித்துவிட்டார்கள்.

சுவரும் சிபாரிசும்

ரேபில் மேரிலாந்து மாநிலத்தின் கெய்தர்ஸ்பர்க் ஊர்க்காரர். 12 வயது வாக்கில் ஸ்டிக்கைப் பிடித்தார். இந்த விளையாட்டின் பள்ளிக்கூடம் சுவர்தான். சுவரில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்து, வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றி, மணிக்கணக்கில். பயிற்சியாளர் வேண்டாம், அணி வேண்டாம், செங்கல் சுவர் போதும். அதற்கு மேல் தினமும் 100 ஷாட் என்பது ரேபில் தனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் அது.

சுவருக்குக் காசு இல்லை, மற்றதற்கு உண்டு. லாக்ராஸ் அமெரிக்கா முழுவதும் பரவிய விளையாட்டாக நெடுங்காலம் இருக்கவில்லை. பால்டிமோர் சுற்றுவட்டாரம், நியூயார்க்கின் லாங் ஐலண்ட், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி: இந்த மூன்றையும் சொன்னாலே பழைய கோட்டைகள் முடிந்தது. கட்டணம் அதிகமான தனியார் பள்ளிகள்தான் நல்ல அணிகள் வைத்திருக்கும். கோடையில் கிளப் அணிகள், ஊர் ஊராகப் போட்டிகள், அங்கே கல்லூரிப் பயிற்சியாளர்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுப்பது. ஸ்டிக், ஹெல்மெட், கிளப் கட்டணம், பயணம், ஓட்டல் எல்லாம் பெற்றோர் பையிலிருந்து. அதனால்தான் இதற்குப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம் என்ற பேர். இதை உண்டாக்கியவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அப்போது இந்தப் பேர் இன்னும் கசக்கும்.

ஒரு காலத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளிடமே பல்கலைக்கழகங்கள் வாய்வார்த்தையாக இடம் பேசி முடித்துவிடும். குரல் உடையாத பையனிடம் 'நான்கு வருஷம் கழித்து எங்களிடம் வா' என்பார்கள். இது முற்றிப்போய் 2017இல் விதி வந்தது: பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் செப்டம்பர் 1 வரை பயிற்சியாளர் மாணவரிடம் இதைப் பற்றிப் பேசவே கூடாது. அதனால் அந்த நாள் இப்போது ஒரு பண்டிகை மாதிரி. தேடப்படும் மாணவரின் தொலைபேசி நள்ளிரவு தாண்டியதும் அடிக்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் உதவித்தொகை. இங்கேதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். 'முதல் பிரிவில் லாக்ராஸ் ஆடுகிறான்' என்றால் படிப்பு முழுக்க இலவசம் என்று நினைப்போம். ஆனால் பல ஆண்டுகளாக ஓர் ஆண்கள் அணிக்கு அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகை 12.6 மட்டுமே. அணியில் இருப்பவர்களோ 45, 50 பேர். பயிற்சியாளர் அந்தப் பன்னிரண்டே முக்காலுக்கும் குறைவானதைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்: இவனுக்குப் பாதி, அவனுக்குக் கால், இன்னொருவனுக்குப் புத்தகச் செலவு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மாதிரி ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. 2025இல் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு 48 என்று வரம்பு வந்திருக்கிறது. வரம்பு போனதாலேயே பணம் வந்துவிடாது. அது அந்தந்தக் கல்லூரியின் கஜானாவைப் பொறுத்தது.

நான்கு வசந்தங்கள்

கல்லூரி சீசன் பிப்ரவரிக் குளிரில் தொடங்கி மே கடைசியில் முடியும். இலையுதிர் காலத்தில் பயிற்சி ஆட்டங்கள், குளிர்காலத்தில் விடியற்காலை எடைப்பயிற்சி. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கில் பேருந்துப் பயணமும் காயத்துக்குச் சிகிச்சையும் வராது. மீதி நேரத்தில் படிப்பு, தேர்வு.

முதல் பிரிவில் எழுபத்துச் சொச்சம் ஆண்கள் அணிகள்தான். மே மாதத்தில் தேர்ந்தெடுத்த சில அணிகள் மட்டும் நாக்அவுட்டுக்குப் போகும். கடைசி நான்கு அணிகள் மெமோரியல் டே விடுமுறை வாரக்கடைசியில் ஒரே ஊரில் கூடும். சனிக்கிழமை இரண்டு அரையிறுதி, திங்கட்கிழமை இறுதி. பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்து அணிகளின் பிரம்மாண்ட ஸ்டேடியத்தில். பழைய மாணவர்கள், குடும்பங்கள், ஸ்டிக்கோடு வரும் சின்னப் பிள்ளைகள், வாகன நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிச் சமையல் என்று ஒரு திருவிழாவே நடக்கும். ஒரு லாக்ராஸ்காரரிடம் 'உன் கனவு என்ன?' என்று கேட்டால், தொழில்முறைக் கோப்பையைச் சொல்லமாட்டார். இந்தத் திங்கட்கிழமையைச் சொல்வார்.

ரேபில் அந்தத் திங்கட்கிழமையை மூன்று முறை பார்த்தார். 2005, முதலாம் ஆண்டு மாணவர்: ஹாப்கின்ஸ் ஒரு தோல்விகூட இல்லாமல் 16-0 என்று முடித்து, டியூக்கை 9-8 என்று வென்றது. 1987க்குப் பிறகு அந்தக் கல்லூரிக்கு வந்த முதல் பட்டம். பதினெட்டு வருஷப் பசி. 2007இல் மறுபடியும் டியூக், 12-11. இரண்டும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். 2008இல் மேலே சொன்ன தோல்வி. இத்தனைக்கும் அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான டெவாராட்டன் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி நாட்களில் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

இடையில் 2006இல் நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லூரி வீரருக்கு ஓர் ஆண்டு எவ்வளவு பெரியது என்று அது காட்டும். டியூக் அணியின் மூன்று பேர் மேல் பாலியல் பலாத்காரக் குற்றச்சாட்டு வந்து, பல்கலைக்கழகம் அந்த சீசனையே பாதியில் ரத்து செய்தது. மறு ஆண்டு மாநில அட்டர்னி ஜெனரல் அவர்கள் நிரபராதிகள் என்று அறிவித்து வழக்கைக் கைவிட்டார். ஒரு மாணவர் மொத்தம் நான்கு சீசன்தான் ஆடலாம் என்பது விதி. பறிபோன சீசனுக்கு ஈடாக அந்த அணியினருக்கு இன்னொரு ஆண்டு ஆட அனுமதி கொடுக்கப்பட்டது. பலர் முதுகலை மாணவர்களாகத் திரும்பி வந்து ஆடினார்கள். கொரோனாவால் 2020 சீசன் நின்றபோதும் இதேபோல எல்லோருக்கும் ஓர் ஆண்டு கூட்டித் தந்தார்கள். ஐந்தாவது வருஷம் ஆடுவதற்காகவே எம்.பி.ஏ. சேர்ந்தவர்கள் உண்டு.

2021 ஜூலை வரை கல்லூரி வீரர் தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதித்தாலும் குற்றம். இப்போது விளம்பரம், பயிற்சி முகாம் என்று சம்பாதிக்கலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்குக் கோடிகள். லாக்ராஸ் வீரருக்குப் பெரும்பாலும் இலவச ஸ்டிக்கும் கைச்செலவும்.

வெள்ளிக்கிழமை விமானம்

ரேபில் சேர்ந்தது மேஜர் லீக் லாக்ராஸ் என்ற லீக். 2001இல் ஆட்டம் தொடங்கியது. அங்கே 'தொழில்முறை வீரர்' என்பவரின் வாரம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை வேறு வேலை. ரேபில் வாஷிங்டனில் ஒரு வணிக ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் இருந்தார். மற்றவர்கள் பள்ளி ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், பயிற்சியாளர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விமானம், இரவு ஒரு பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை வீடு. ஆடும் ஊரில் குடியிருப்பவர்களே குறைவு. பார்க்க வந்தவர்கள் சில ஆயிரம் பேர். போன மாதம் 48,000 பேர் பெயரைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டவர், இந்த மாதம் பாதி காலியான ஸ்டேடியத்தில் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலை கட்டட வாடகைக் கணக்குப் பார்க்க உட்காருகிறார்.

ஆனால் கல்லூரி லாக்ராஸ் வேறொரு விதத்தில் சோறு போடும். பட்டம் நல்ல கல்லூரியில். அதே அணியில் முன்பு ஆடியவர்கள் வால் ஸ்ட்ரீட்டில் பெரிய நாற்காலிகளில். அங்கே ஓர் அழைப்பு போதும். அதனால் கல்லூரியில் நன்றாக ஆடிய பலர் தொழில்முறை ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டு நிதி நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 6,000 டாலருக்காக யார் முட்டியை உடைத்துக்கொள்வார்கள்?

ரேபில் நேர்மாறாகக் கணக்குப் போட்டார். லீக் சம்பளம் தராது. ஆனால் லீக்கில் ஆடுவதால் கிடைக்கும் பெயரை விற்கலாம். ஸ்டிக், காலணி நிறுவனங்களோடு ஒப்பந்தம், பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி முகாம், யூடியூபில் 'ஷாட் அடிப்பது எப்படி' வகை காணொளிகள். மற்ற வீரர்கள் சமூக ஊடகத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் அதைக் கடையாக நடத்தினார். சில ஆண்டுகளில் ரியல் எஸ்டேட் வேலையை விட்டார். லாக்ராஸின் முதல் மில்லியன் டாலர் வீரர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மில்லியனில் லீக் கொடுத்தது சொற்பம் என்பதுதான் செய்தி.

களத்திலும் குறை வைக்கவில்லை. 2009, 2011 ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறந்த வீரர். 2011இல் பாஸ்டனோடு கோப்பை, 2015இல் நியூயார்க் லிசர்ட்ஸோடு இன்னொன்று.

வருமானத்துக்கு இன்னொரு வழி, பாக்ஸ் லாக்ராஸ். ஐஸ் ஹாக்கி அரங்கில் பனியை மூடி, பச்சை விரிப்புப் போட்டு ஆடும் வகை இது. கோல்கீப்பரோடு 6 பேர், சின்ன கோல், 30 நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும். கோல்கீப்பர் அணிந்திருக்கும் கவசத்தைப் பார்த்தால் மெத்தைக் கடை நடந்து வருவது மாதிரி இருக்கும். கனடாக்காரர்கள் இதிலேயே வளர்கிறார்கள். நெருக்கத்தில் பந்தைப் பிடித்து, சந்து கிடைத்தால் நுழைக்கும் அவர்களுடைய கைவேலை இங்கே வருவதுதான். இதற்கான நேஷனல் லாக்ராஸ் லீக் டிசம்பரிலிருந்து மே வரை. திறந்த மைதான லீக் கோடையில். இரண்டும் மோதாததால் ஒரே ஆள் இரண்டிலும் ஆடி வருஷத்தை ஓட்டலாம். ரேபிலும் ஆடினார், 2010இல் வாஷிங்டன் ஸ்டெல்த் அணியோடு கோப்பையும் வென்றார்.

ஆட்டத்தின் சொந்தக்காரர்கள்

நாட்டு அணிக்கு ஆடினால் காசு இல்லை, பெருமைதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உலகக் கோப்பை. கடைசியில் பெரும்பாலும் அமெரிக்காவும் கனடாவும்தான் நிற்கும். ரேபிலுக்கு 2010 மான்செஸ்டரில் தங்கம், 2014இல் சொந்த மண்ணில் கனடாவிடம் தோற்று வெள்ளி, 2018 இஸ்ரேலின் நெதன்யாவில் 9-8 என்ற கணக்கில் மறுபடி தங்கம்.

அந்த 2010 போட்டிக்கு வர வேண்டிய ஓர் அணி வரவில்லை. ஹோடனோசோனி, வெளியார் இரோகுவாய் என்று அழைத்த ஆறு பழங்குடி நாடுகளின் கூட்டமைப்பு. லாக்ராஸ் அவர்களுடையது. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக ஆடி வந்த சடங்கு அது. படைத்தவனுக்காக ஆடும் ஆட்டம், நோய் தீர்க்கும் மருந்து என்று சொல்வார்கள். லாக்ராஸ் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிகள் வைத்த பெயர். 1867இல் மான்ட்ரியலைச் சேர்ந்த ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் விதிகளை எழுதினார். அப்புறம் ஆட்டம் வெள்ளைக்காரக் கிளப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது. உலகப் போட்டியில் ஹோடனோசோனி தனி நாடாகவே ஆடுகிறது. 2010இல் அவர்கள் தங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டில் புறப்பட்டார்கள். பிரிட்டன் அதை ஏற்க மறுத்தது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் போங்கள் என்றார்கள். அதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. நியூயார்க்கிலேயே தங்கிவிட்டுத் திரும்பினார்கள்.

ரேபிலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வீரர் அங்கிருந்து வந்தவர்தான்: லைல் தாம்சன், ஒனொண்டாகா இனத்தவர். நீளமான பின்னல், மூன்று அண்ணன்களும் லாக்ராஸ்காரர்கள். பெரிய பெயர் இல்லாத ஆல்பனி பல்கலைக்கழகத்தில் ஆடி, 2014இல் ஒரே சீசனில் கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து 128 புள்ளி எடுத்தார். முதல் பிரிவில் அன்றைக்கு அது சாதனை. அந்த ஆண்டு டெவாராட்டன் விருது அவருக்கும் அண்ணன் மைல்ஸுக்கும் சேர்ந்தே கிடைத்தது. டெவாராட்டன் என்பதே இந்த ஆட்டத்துக்கு மோஹாக் மொழியில் உள்ள பெயர். விருது தொடங்கி 13 ஆண்டு கழித்துத்தான் பழங்குடி வீரர் கைக்கு அது போனது. அடுத்த ஆண்டும் லைலுக்கே. பிறகு குளிர்காலத்தில் ஜார்ஜியா ஸ்வார்ம், கோடையில் மைதான லீக். 2017இல் பாக்ஸ் லீக்கின் கோப்பையும் சிறந்த வீரர் விருதும். ரேபில் போல அவர் பெயரை விற்கும் வேலையில் அவ்வளவாக இறங்கவில்லை; பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வீரர் முதலாளி ஆன கதை

2018இல் ரேபிலும் அண்ணன் மைக்கும் ஒரு போட்டி லீக்கை அறிவித்தார்கள்: பிரீமியர் லாக்ராஸ் லீக். கல்லூரியில் லாக்ராஸ் ஆடியவரும் அலிபாபா நிறுவனர்களில் ஒருவருமான ஜோ சாய் உட்படச் சிலர் பணம் போட்டார்கள். பழைய லீக்கின் முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் அங்கே தாவினார்கள். பல மடங்கு சம்பளம், மருத்துவக் காப்பீடு, நிறுவனத்தில் பங்கு. மருத்துவக் காப்பீடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உடம்பால் மோதி ஆடுபவருக்குச் சம்பளத்தைவிட அதுதான் பெரிய விஷயம்.

யோசனையும் வித்தியாசமானது. அணிக்கென்று ஊர் கிடையாது. 2019இல் தொடங்கியபோது 6 அணிகள். வாரக்கடைசிக்கு ஓர் ஊர் என்று எல்லா அணிகளும் சேர்ந்தே சுற்றின, சர்க்கஸ் கம்பெனி மாதிரி. ஊருக்கு ஒன்றாகப் பாதி காலியான ஸ்டேடியங்களுக்குப் பதில், ஓரளவு நிறைந்த ஒரே ஸ்டேடியம். தொலைக்காட்சிக்கும் படப்பிடிப்புச் செலவு ஓர் இடத்தில் முடிந்தது. என் பார்வையில் ரேபில் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான், 111 மைல் ஷாட் இல்லை. 2020 டிசம்பரில் பழைய லீக் இதனோடு இணைந்து மறைந்தது. 2024இல்தான் அணிகளுக்கு ஊர்ப்பெயர் வந்தது. சுற்றுப்பயணம் இன்றும் தொடர்கிறது.

ரேபில் தன் லீக்கிலேயே அட்லஸ் அணிக்கு ஆடினார். லீக்கை நடத்துபவரே அதில் ஆடினால் நடுவர் தயங்கமாட்டாரா என்று கேள்விகள் எழத்தான் செய்தன. 2021இல் அட்லஸ் அவரை கேனன்ஸுக்கு மாற்றிவிட்டது. தான் தொடங்கிய லீக்கில் தன்னையே ஓர் அணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த முதலாளிகள் அதிகம் இருக்கமாட்டார்கள். அந்த செப்டம்பரில், 35 வயதில், ஓய்வு.

இன்று கல்லூரியை முடிக்கும் வீரருக்கு நிலைமை தேவலை, ஆனாலும் சம்பளத்தை மட்டும் நம்பி வீடு வாங்க முடியாது. பயிற்சி முகாம், விளம்பரம், குளிர்காலத்தில் பாக்ஸ் அல்லது கல்லூரியில் துணைப் பயிற்சியாளர் வேலை என்று இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். லீக் தன் வீரர் தேர்வை வைத்துவிடுகிறது, கல்லூரி இறுதிப்போட்டி முடிவதற்கு முன்பே. திங்கட்கிழமை கல்லூரிக்காக அழுதுவிட்டு, சில நாளில் புது ஜெர்சி மாட்டிக்கொள்ள வேண்டும்.

பெண்கள் ஆட்டம் விதியிலேயே வேறு: 12 பேர், உடம்பு மோதல் கிடையாது, ஹெல்மெட்டுக்குப் பதில் கண்கவசம். 2021இல் பாஸ்டன் காலேஜின் சார்லட் நார்த் ஒரே சீசனில் 102 கோல் அடித்துப் பட்டமும் டெவாராட்டனும் வாங்கினார். அவர்களுக்கான தொழில்முறை வாய்ப்பு ஆண்களுடையதைவிட மெலிசு. பிரீமியர் லீக் 2025இல்தான் ஒரு பெண்கள் லீக்கைத் தொடங்கியது.

2028

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டம் நமக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது என்று கொண்டாடினோம். அதே தீர்மானத்தில்தான் லாக்ராஸும் லாஸ் ஏஞ்சலீஸுக்கு உள்ளே வந்தது. 1908க்குப் பிறகு முதல்முறையாகப் பதக்கத்தோடு. 1904இல் மோஹாக் அணி ஒன்று வெண்கலம் வாங்கியிருக்கிறது. ஆனால் இன்று ஹோடனோசோனிக்குச் சொந்தமாக ஒலிம்பிக் கமிட்டி இல்லாததால், விதிப்படி அவர்களுக்கு அங்கே இடமில்லை. இடம் கொடுங்கள் என்று அமெரிக்க அதிபராக இருந்த பைடனே கேட்டிருந்தார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் நடக்கப்போவது இவ்வளவு நேரம் சொன்ன பத்துப் பேர் ஆட்டம் இல்லை; சிக்ஸஸ் என்ற ஆறு பேர் வடிவம். சின்ன மைதானம், 8 நிமிடக் கால்பகுதிகள், எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் தடுக்க வேண்டும். நீள ஸ்டிக் கிடையாது. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுக்களத்தில் இருவர் குனிந்து பந்துக்காக மல்லுக்கட்டும் ஃபேஸ்ஆஃப் இருக்கிறதே, அதற்கென்றே அணியில் ஓர் ஆள் வளர்வார். பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவிடுவதுதான் அவர் வேலை. சிக்ஸஸில் கோல் விழுந்ததும் கோல்கீப்பரே பந்தை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். ஆக, 12 வயதிலிருந்து ஃபேஸ்ஆஃப் ஒன்றையே பழகி, அதனாலேயே கல்லூரியில் இடம் பிடித்து, அதனாலேயே லீக்குக்கும் வந்தவர், ஒலிம்பிக் தேர்வு முகாமுக்குப் போவதென்றால் ஓடவும் அடிக்கவும் புதிதாகக் கற்றுக்கொண்டு போக வேண்டும். ஆறடி ஸ்டிக்கோடு வளர்ந்த டிஃபென்ஸ்காரர்கள் சிலர் இப்போதே மூன்றரை அடி ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவருக்கு முன்னால் நிற்கிறார்கள்.